வாய் வைத்துக் குடிக்கும் சொம்பு

எங்கள் தெருவில் யாரும் அண்ணாந்து தண்ணீர் குடிப்பதில்லை. வெளியூரிலிருந்து கட்டிக்கொண்டு வரும் பெண்ணுக்கு முதல் வாரத்திலேயே யாராவது சொல்லிவிடுவார்கள்: "இங்க வாய் வச்சுத்தான் குடிக்கணும்மா." கல்லூரியில் என் நண்பர்கள் பாட்டிலை உயரத் தூக்கி வாயில் ஊற்றிக்கொள்வார்கள். நான் வாய் வைத்துக் குடித்துவிட்டு நீட்டினால் முகத்தைச் சுளிப்பார்கள். அது நாகரிகமில்லை என்று அவர்கள் வீட்டில் சொல்லி வளர்த்திருக்கிறார்கள். எங்கள் வீட்டில் வளர்த்தது வேறு மாதிரி.

கீழ்வேளூருக்குத் தெற்கே இருக்கிறது எங்கள் ஊர். ஊருக்குக் கிழக்கே எங்கள் தெரு. அதைத் 'தெரு' என்று ஊர்க்காரர்கள் சொல்லவே வெகுகாலம் ஆயிற்று. என் அப்பா நாகப்பன் சின்ன வயதில் பண்ணையில் வேலை செய்தபோது, தாகமெடுத்தால் வரப்பில் குந்தி வாயை அண்ணாந்து காட்ட வேண்டுமாம். பண்ணையின் காரியக்காரர் மேலிருந்து ஊற்றுவாராம். பாதி வாயில், பாதி மூக்கில். சொம்பு உதட்டில் பட்டுவிட்டால் அடி. பிறகு சங்கம் வந்தது. கூலிக்குப் போராட்டம், நிலத்துக்குப் போராட்டம், வழக்கு, சிறை எல்லாம் வந்தன. கடைசியில் கோயில் நிலத்தில் எங்கள் ஆட்கள் பெயரில் குத்தகை பதிவாயிற்று. அந்த வருடம் வீட்டுக்கு ஒரு மரக்கால் நெல் போட்டு ஒரு பெரிய பித்தளைச் சொம்பு வாங்கினார்கள். சம்பா நடவின் முதல் நாள் காலையில் அதில் பழைய சோற்று நீச்சத்தண்ணி நிறைத்து வரப்பில் வைப்பது, தெருவில் எல்லோரும் அதில் வாய் வைத்து ஒரு மிடறு குடித்துவிட்டுத்தான் சேற்றில் இறங்குவது என்று முடிவு செய்தார்கள். அந்த முடிவு இன்றுவரை மாறவில்லை.

நோயைப் பற்றி எழுத உட்கார்ந்தவன் சொம்பைப் பற்றி இவ்வளவு சொல்கிறேனே என்று நினைக்க வேண்டாம். என் நோய் என்னிடமிருந்து பிடுங்கப் பார்த்தது அந்தச் சொம்பைத்தான்.

எங்கள் தெருவில் முதல் தலைமுறைப் பட்டதாரி என்று தாசில்தாரிடம் சான்றிதழ் வாங்கியவன் நான். சத்துணவு முட்டை, இலவச சைக்கிள், பஸ் பாஸ் எல்லாவற்றையும் ஒன்று விடாமல் வாங்கிப் படித்தவன். திருவாரூரில் பி.எட். படித்துக்கொண்டிருந்தபோது, ஒரு கட்சித் தலைவரின் பிறந்தநாளுக்காக ரத்ததான முகாம் போட்டார்கள். கட்சிக்காக நான் போகவில்லை. எங்கள் தெரு ரத்தம் இனி யார் உடம்பிலும் ஓடலாம் என்ற நினைப்பே எனக்குப் பெருமையாக இருந்தது. பிஸ்கட்டும் பழச்சாறும் தந்தார்கள். சான்றிதழ் தந்தார்கள். அதைத் தங்கை மலர் கண்ணாடி போட்டு மாட்டினாள்.

பத்து நாள் கழித்து ரத்த வங்கியிலிருந்து போன். "ஒரு தடவ நேர்ல வந்துட்டுப் போங்க" என்றார் ஒரு பெண். "என்ன விஷயங்க?" என்று கேட்டேன். "நேர்லதான் சொல்லுவோம்" என்றார். இரும்புச்சத்து குறைவாக இருக்கும் என்று நானே முடிவுகட்டிக்கொண்டு போகாமல் இருந்துவிட்டேன். அது என் தப்பு. படித்தவன் செய்த தப்பு. இதைப் படிக்கிறவர்களுக்கு அப்படி ஒரு போன் வந்தால் அன்றைக்கே போங்கள்.

ஏழு மாதம் போல ஓடிப்போய், ஆடி முடியும்போது உடம்பு அசந்து போனது. சைக்கிளில் வாய்க்கால் பாலம் ஏற முடியவில்லை. சோற்றைப் பார்த்தால் குமட்டியது. "அண்ணே, வெளிச்சத்துக்கு வா" என்று மலர் என்னை வாசலுக்கு இழுத்து, கண்ணைப் பிரித்துப் பார்த்து, "அம்மா, மஞ்சளா இருக்கும்மா" என்று கத்தினாள்.

அம்மா அஞ்சம்மாள் அன்றே கீழாநெல்லி பிடுங்கி வந்து அரைத்து மோரில் கலந்து கொடுத்தார். உப்பில்லை, எண்ணெயில்லை, புளியில்லை. தெருவில் எல்லோருக்கும் காமாலை தெரிந்த நோய். இரண்டு வருடத்துக்கு முன்னால் குடிதண்ணீர்க் குழாயில் சாக்கடை கலந்து பாதித் தெரு மஞ்சளாகிப் படுத்திருந்தது. தண்ணீரைக் காய்ச்சிக் குடியுங்கள், ஒருவர் டம்ளரில் இன்னொருவர் குடிக்காதீர்கள் என்று சுகாதாரத் துறைக்காரர்கள் வீடுவீடாக வந்து சொன்னார்கள். அதனால் எனக்கு மஞ்சள் என்றதும் ஆளாளுக்கு இளநீர் வெட்டிக் கொண்டுவந்து வைத்தார்கள். வாசலில் இளநீர்க் கூடு மலையாகக் குவிந்தது.

பத்து நாளில் கூடு குவிந்ததே தவிர மஞ்சள் இறங்கவில்லை. வாந்தி நிற்கவில்லை. அப்பா ஆட்டோ பிடித்து டவுனில் ஒரு தனியார் மருத்துவமனைக்குக் கொண்டுபோனார். அதன் பெயரைச் சொல்லப்போவதில்லை. சொன்னால் விளம்பரமாகிவிடும்.

மாலையில் ரத்தப் பரிசோதனைத் தாள் வந்தது. மருத்துவர் அதைப் பார்த்துவிட்டு நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் தள்ளிக்கொண்டார். அம்மா பக்கத்தில் நிற்க, என்னிடம் கேட்டார்:

"குடிப்பியா?"

"இல்லீங்க சார்."

"ஊசி கீசி போட்டுக்குற பழக்கம்?"

"இல்லீங்க."

"பொம்பளைங்ககிட்ட போற பழக்கம்? மறைக்காதப்பா. இது சும்மா வராது."

அம்மா தலையைக் குனிந்துகொண்டார். கேட்க வேண்டிய கேள்விகள்தான் அவை, இப்போது எனக்குத் தெரியும். ஆனால் ஒருவனைத் தனியாக உட்காரவைத்துக் கேட்கும் முறை ஒன்று உண்டு. வெள்ளைச் சட்டை போட்டவர்களுக்கு அதை யாராவது சொல்லித்தர வேண்டும்.

ரத்தத்தில் கிருமி, யாரும் கிட்டப் போகக் கூடாது என்று சொல்லி என்னைக் கடைசி அறைக்கு மாற்றினார்கள். கதவில் சிவப்புத் தாள் ஒட்டினார்கள். சாப்பாட்டுத் தட்டை வேலையாள் வாசற்படியில் வைத்துக் காலால் தள்ளிவிட்டுப் போனார். குழம்பு சிந்தியது. மலர் அந்தத் தட்டை எடுத்துவந்து எனக்கு முன்னால் வைத்துவிட்டு, நான் பாதி குடித்து வைத்திருந்த காப்பியை எடுத்து ஒரே மூச்சில் குடித்தாள்.

"ஏண்டி, டாக்டர் என்ன சொன்னாரு!" என்று அம்மா பதறினார்.

"ஆறிப்போச்சும்மா. வீணாப் போவுதேன்னு குடிச்சேன்" என்றாள்.

அன்றைக்கு அவளுக்கு இந்த நோய் எப்படிப் பரவும் என்று எதுவும் தெரியாது. தெரியாமலேதான் குடித்தாள்.

இரண்டாம் நாளே "எங்களால பாக்க முடியாது, தஞ்சாவூருக்குக் கொண்டு போங்க" என்று சீட்டெழுதிக் கொடுத்துவிட்டார்கள். அந்த மருத்துவமனையில் மாத்திரை எடுத்துக் கொடுக்கும் பையன் எங்கள் பக்கத்து ஊர்க்காரன். நாங்கள் தஞ்சாவூர் போய்ச் சேருவதற்குள் செய்தி கடைசி பஸ் ஏறி எங்கள் தெருவுக்குப் போய்விட்டது. 'நாகப்பன் மவனுக்கு ரத்தத்துல கிருமியாம். எய்ட்ஸ் மாதிரியாம்.' மறுநாள் யாரோ எங்கள் வாசலிலிருந்த இளநீர்க் கூடுகளையெல்லாம் தள்ளிச் சேர்த்துக் கொளுத்திவிட்டார்கள்.

தஞ்சாவூரில் அரசுப் பெரிய ஆஸ்பத்திரி. வெளிநோயாளிச் சீட்டுக்கு ஒரு வரிசை, மருத்துவரைப் பார்க்க ஒரு வரிசை, ரத்தம் கொடுக்க ஒரு வரிசை. அப்பா என்னைச் சுவரோரம் உட்காரவைத்துவிட்டு, எனக்குப் பதிலாக ஒவ்வொரு வரிசையிலும் நின்றார். நின்றே பழகிய ஆள். "தாலுக்கா ஆபீசு ஜமாபந்தியில நாள் பூரா நிக்கிலியா? இது என்ன பெரிய வரிச" என்றார். தன் துண்டை மடித்து என் தலைக்குக் கொடுத்திருந்தார். அதில் வைக்கோல் வாசம் அடித்தது.

அங்கேதான் எனக்கு என்ன நோய் என்று ஒருவர் உட்கார்ந்து விளக்கினார். நடுத்தர வயது மருத்துவர் அம்மா. மன்னார்குடிப் பக்கத்துப் பேச்சு. கட்டிலின் ஓரத்திலேயே உட்கார்ந்தார். நான் நகரப் பார்த்தேன்.

"ஏன் நகர்றீங்க? இடம் இருக்கு" என்றார்.

அவர் சொன்னதை எனக்குப் புரிந்தபடி இங்கே எழுதுகிறேன், ஏனென்றால் எங்கள் பக்கத்தில் இதை யாரும் சொல்வதில்லை. காமாலை என்பது ஒரே நோய் கிடையாது. கல்லீரல் கெட்டால் கண் மஞ்சளாகும், அவ்வளவுதான். கெடுக்கும் கிருமிகளில் பல வகை. தண்ணீரில், சோற்றில் வருவது ஒரு வகை. எங்கள் தெருவுக்கு முன்பு வந்தது அது. வந்து, படுத்தி, போய்விடும். என்னுடையது ஹெபடைடிஸ் பி. அது ரத்தத்தின் வழியாகப் பரவும், உடலுறவில் பரவும், பிரசவத்தின்போது தாயிடமிருந்து பிள்ளைக்கு வரும். பெரியவர்களுக்கு வந்தால் பெரும்பாலும் உடம்பே விரட்டிவிடும். பிறக்கும்போதே வந்தால் அநேகமாகத் தங்கிவிடும். வருடக்கணக்கில் சத்தமில்லாமல் இருந்துவிட்டு ஒருநாள் கல்லீரலைச் சீண்டும். ஆறு மாதத்துக்கு மேல் ரத்தத்தில் இருந்தால் அதை நாள்பட்டது என்பார்கள். ரத்த வங்கியின் பழைய குறிப்பை வரவழைத்துப் பார்த்தார்கள். ஆறு மாதம் தாண்டியிருந்தது.

"தட்டு, டம்ளர்?" என்று அப்பா கேட்டார். வேறெதையும் அவர் கேட்கவில்லை.

"பரவாதுங்க. ஒரே தட்டுல சாப்பிடலாம், ஒரே டம்ளர்ல குடிக்கலாம், கட்டிப் புடிக்கலாம். பிளேடு, பல் தேய்க்கிற பிரஷ் மட்டும் தனியா வச்சுக்கட்டும். ரத்தக்காயம் பட்டா மூடிக்கட்டும்."

"வாய் வச்சுக் குடிச்சா?"

"வச்சுக் குடிக்கட்டுங்க. என்ன இப்போ?"

அப்பா ஒரு பெருமூச்சு விட்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

கல்லீரல் எவ்வளவு அடிவாங்கியிருக்கிறது என்று பார்க்க ஒரு ரத்தப் பரிசோதனை. கிருமி எவ்வளவு இருக்கிறது என்று எண்ண இன்னொன்று. கல்லீரல் எவ்வளவு இறுகிப் போயிருக்கிறது என்று பார்க்க விலாவில் ஒரு கருவியை வைத்துத் தட்டுவார்கள். யாரோ விரலால் சுண்டுவது போல இருக்கும், வலிக்காது. எனக்கு இறுக்கம் அதிகமில்லை என்று வந்தது. தினம் ஒரு மாத்திரை, அரசே கொடுக்கும். முழுதாக ஒழிக்காது, அடக்கி வைக்கும். நிறுத்தாமல் போட வேண்டும். பயம் இல்லாமலில்லை. 'கல்லீரல் புற்று' என்ற வார்த்தையை மருத்துவர் அம்மா ஒரே ஒரு தடவைதான் சொன்னார். அது வராமலிருக்கத்தான் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன் என்றார். அந்த ஒரு தடவை போதுமானதாக இருந்தது. இரண்டு நாள் நான் யாருடனும் பேசவில்லை.

என்னைப் பேசவைத்தவர் பக்கத்துக் கட்டிலில் இருந்த ஜபருல்லா அண்ணன். கூத்தாநல்லூர்க்காரர், நாற்பது வயதுக்கு மேல். பதினெட்டு வருடம் வளைகுடாவில் இருந்தவர். விசா புதுப்பிக்க ரத்தம் எடுத்தார்கள். அதே கிருமி. ஒரே வாரத்தில் ஊருக்கு அனுப்பிவிட்டார்கள்.

"ரூம்ல ஒம்போது பேரு தம்பி. என் பெட்டுஷீட்டக் கம்பால எடுத்து வெளியில போட்டானுவ. இத்தனைக்கும் பதினெட்டு வருஷமா அவனுவளுக்கு நான்தான் சோறாக்கிப் போட்டேன். ஒருத்தனுக்காவது வந்துச்சா? எல்லாப் பயலும் கொழுத்துப்போய்க் கெடக்குறானுவ!"

சொல்லிவிட்டுக் கட்டில் அதிரச் சிரித்தார். அவர் மனைவி வீட்டிலிருந்து பிளாஸ்கில் கஞ்சி கொண்டுவருவார். அண்ணன் மூடியில் ஊற்றிக் குடித்துவிட்டு, அதே மூடியில் எனக்கும் ஊற்றி நீட்டுவார். "குடிங்க வாத்தியாரே. ரெண்டு பேருக்கும் ஒரே கம்பெனிக் கிருமிதான்."

ஐந்தாம் நாள் மருத்துவர் அம்மா எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் ரத்தம் எடுக்கச் சொன்னார். அப்பாவுக்கும் மலருக்கும் இல்லை, எப்படியோ தப்பியிருந்தார்கள். தடுப்பூசி போடத் தொடங்கினார்கள். அம்மாவுக்கு இருந்தது.

அம்மாவின் கல்லீரல் நன்றாகத்தான் இருந்தது. கிருமி ஒரு மூலையில் தூங்கிக்கொண்டிருந்தது. மருந்துகூட இப்போது வேண்டாம், வருடம் தவறாமல் பார்த்துக்கொண்டால் போதும் என்றார்கள். எதுவும் அம்மாவின் காதில் ஏறவில்லை. வார்டுக்கு வெளியே தரையில் உட்கார்ந்து, "நானாப்பா ஒனக்குக் குடுத்தேன்?" என்று கேட்டார்.

"நீ தெரிஞ்சா குடுத்த?"

"பத்து மாசம் சொமந்து இதத்தான் குடுத்தனா?"

"படிப்பும் நீதான் குடுத்த. கண்ணும் காலும் நீதான் குடுத்த. இத மட்டும் எண்ணி வச்சுக்கிறியே!"

அம்மா தண்ணீர்ப் பாட்டிலை எடுத்தார். எடுத்தவர் முகத்தை அண்ணாந்து, உயரத் தூக்கி, வாயில் ஊற்றினார். பழக்கமில்லை. பாதி மூக்கில் ஏறிப் புரைக்கேறியது. மார்பெல்லாம் நனைந்தது. இருமிக்கொண்டே மறுபடியும் தூக்கினார். என் ஆயுசில் அம்மா அண்ணாந்து குடித்து நான் பார்த்தது அன்றுதான். யாரும் அவரை அப்படிக் குடிக்கச் சொல்லவில்லை. அவரே தன்னை வரப்பில் குந்தவைத்துக்கொண்டார்.

என் மஞ்சளைவிட அதுதான் என்னை எழுப்பி உட்காரவைத்தது. அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது.

பதினோராம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். அம்மா விஷயத்தைத் தெருவில் சொல்வதில்லை என்று பஸ்ஸிலேயே முடிவு செய்துகொண்டோம். அம்மாதான் நடவுப் பெண்களுக்குத் தலைவி. ஆள் சேர்ப்பது, வரிசை பிடிப்பது, பாட்டெடுத்துக் கொடுப்பது எல்லாம் அவர். விஷயம் தெரிந்தால் எந்த வயலிலும் அவரை இறக்க மாட்டார்கள். என்னைப் பற்றித் தெரிந்தது தெரிந்ததாகப் போகட்டும். அம்மாவின் பெயர் வெளியே வரக்கூடாது.

தெருவில் எல்லோரும் "ஒடம்பு எப்படி இருக்கு தம்பி?" என்று விசாரித்தார்கள், வாசலுக்கு அந்தப் பக்கம் நின்று. ஊரில் எனக்கு ஒரு வேலை உண்டு. மனு எழுதுவது. பட்டா மாறுதலா, முதியோர் ஓய்வூதியமா, பயிர்க் காப்பீடா, தெருவில் எந்தத் தாள் என்றாலும் என்னிடம்தான் வரும். வந்துகொண்டுதான் இருந்தார்கள். மலர் மோர் கொண்டுவந்து நீட்டினால், "இப்பத்தான் குடிச்சேன் பாப்பா" என்பார்கள். ஒருநாள் ஒரு சித்தி மனுவை வாங்கியதும், கையெழுத்துப் போட என் பேனாவைத் தொடாமல் தன் மகனிடம் போய்ப் பேனா வாங்கிவந்தார்.

"ஏன் சித்தி, பேனாவுல ஒட்டிக்கும்னா, எழுத்துல ஒட்டிக்காதா? மனு பூரா என் எழுத்துதானே?" என்றேன்.

அவர் முகம் செத்துப் போயிற்று. அப்படிக் கேட்டதற்கு நான் வருந்தவில்லை.

நடவுக்கு மூன்று நாள் இருக்கும்போது கலியபெருமாள் பெரியப்பா வந்தார். சங்கக் கிளைச் செயலாளர். சொம்பு அவர் வீட்டில்தான் இருக்கும். டீக்கடையில் எங்கள் ஆட்களுக்குத் தனி டம்ளர் வைத்திருந்த காலத்தில், கண்ணாடி டம்ளரை எடுத்துக் குடித்ததற்காக மண்டை உடைபட்டவர். நெற்றியில் அந்தத் தழும்பு இன்னும் உண்டு. நான் பி.எட். சேர்ந்தபோது தன் கையால் எனக்குக் கைக்கடிகாரம் கட்டிவிட்டவர். உள்ளே வந்து பாயில் உட்கார்ந்தார். எங்கள் வீட்டுக்குள் வந்தவர் அவர் ஒருவர்தான். அதையும் சொல்லியாக வேண்டும்.

"தம்பி, நடவன்னிக்கு நீ வரணும். வராம இருந்துடாத."

"வருவேன் பெரியப்பா."

"அப்பறம்... ஒன்னு. சொம்ப ஒங்கிட்ட குடுக்குறப்ப, நீ மட்டும் அண்ணாந்து குடிச்சுக்க. பொம்பளைங்கல்லாம் பயப்படுதுங்க. ஒரு வருஷம்தான். யாரும் ஒன்னும் தப்பா நெனைக்க மாட்டாங்க."

அவர் இதைக் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. கெஞ்சுவது போலத்தான் சொன்னார். எனக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டது.

"பெரியப்பா, ஒங்க நெத்தியில இருக்கே, அது எதுக்கு வாங்குனது?"

"அது வேற தம்பி. அது சாதி. இது சீக்கு."

"அன்னிக்கும் ஒட்டிக்கும்னுதான சொன்னான்? நம்ம வாய் பட்டா தீட்டு ஒட்டிக்கும்னு?"

"நீ படிச்சவன், பேசுவ. நான் என்னத்தச் சொல்ல? தெருவுல பாதிப் பேரு வரமாட்டேங்குறாங்க. நடவு நின்னு போச்சுன்னா?"

"டாக்டர் எழுதிக் குடுத்தத நான் எல்லாரு முன்னாலயும் படிக்கிறேன். அண்ணாந்து மட்டும் குடிக்க மாட்டேன். அப்படிக் குடிக்கணும்னா எனக்கு அந்தச் சொம்பே வேணாம். பித்தளைக் கடையில போட்டுடுங்க."

அப்பா மூலையில் கயிறு திரித்துக்கொண்டே இருந்தார். அம்மா அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். பெரியப்பா எழுந்து, வாசலில் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு போனார்.

நடவன்று காலை வானம் மூடியிருந்தது. சேடை ஓட்டிச் சேறாக்கிய வயல் பளபளவென்று கிடந்தது. நாற்று முடிகளை வயலெங்கும் வீசியிருந்தார்கள். வரப்பில் சொம்பு, புளி போட்டுத் தேய்த்து மின்னியது. எதிர்பார்த்ததைவிட அதிகம் ஆட்கள் வந்திருந்தார்கள், முப்பது பேர் போல. ஆனால் வழக்கம்போல் சொம்பைச் சுற்றி நிற்காமல் தள்ளித் தள்ளி நின்றார்கள்.

மருத்துவர் அம்மா எழுதித் தந்த தாளை நான் படித்தேன். நல்ல தமிழில், தெளிவாக, சத்தமாகத்தான் படித்தேன். வகுப்பெடுக்கப் படித்தவன் இல்லையா? படித்து முடித்ததும் ஒருவரும் அசையவில்லை.

பின்னாலிருந்து ஒரு பெண் குரல்: "தாள்ல ஆயிரம் எழுதுவாங்க. நாளைக்கு எம் புள்ளைக்கு வந்தா டாக்டரா வந்து பாப்பாங்க?"

இன்னொருவர்: "படிக்கப் போன எடத்துல எங்கெங்க திரிஞ்சிச்சோ என்னமோ."

அதற்கு நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா நடவு வரிசையிலிருந்து வெளியே வந்தார். சேலையை வரிந்து கட்டியிருந்தார். நேராகச் சொம்பிடம் போனார்.

"எம் மவன் எங்கயும் திரியல. அவனுக்கு நான் குடுத்தது. பெத்தப்பவே குடுத்தது. எனக்கும் இருக்கு."

"அம்மா!" என்றேன்.

"நீ சும்மா இருப்பா. தாளு படிச்சில்ல? இப்ப நான் பேசுறேன்." கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார். "வாக்கப்பட்டு வந்ததுலேருந்து முப்பது வருஷம் இந்தச் சொம்புல நான் வாய் வச்சிருக்கேன். எனக்குப் பின்னால நீங்க வச்சிருக்கீங்க. ஒங்க வீட்டுக் கல்யாணத்துக்கு நான் சோறு வடிச்சிருக்கேன். ஒங்க புள்ளைங்களுக்கு வாயில மென்னு ஊட்டியிருக்கேன். யாருக்கு வந்துச்சு? சொல்லுங்க. எம் புள்ள மூஞ்சியப் பாத்துச் சொல்லுங்க."

சொம்பை இரண்டு கையாலும் தூக்கினார். ஆஸ்பத்திரித் தரையில் அண்ணாந்து குடித்துப் புரையேறிய அதே அம்மா. உதட்டை விளிம்பில் வைத்து ஒன்றுக்கு மூன்று மிடறாகக் குடித்தார். புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டு என்னிடம் நீட்டினார். நான் வாய் வைத்துக் குடித்தேன். அப்பா குடித்தார். அப்பா அதைப் பெரியப்பாவிடம் நீட்டினார்.

பெரியப்பா வாங்கிக்கொண்டார். எல்லோரும் அவரையே பார்த்தார்கள். மெதுவாகத் தலையை அண்ணாந்தார். சொம்பு முகத்துக்கு மேலே உயர்ந்தது. அவர் வாய் திறந்திருந்தது.

மூன்று நாளாக ஒரு வார்த்தை பேசாமலிருந்த அப்பா அப்போதுதான் பேசினார்.

"அண்ணே. காரியக்காரன் செத்து எத்தன வருஷமாச்சு?"

சொம்பு அந்தரத்தில் நின்றது. பிறகு இறங்கியது. பெரியப்பா கண்ணை மூடிக்கொண்டு வாய் வைத்துக் குடித்தார். குடித்துவிட்டு, தெருவைப் பார்த்து, "யாரு அடுத்து? நாத்து வாடுது, வாங்க!" என்று அதட்டினார்.

எல்லோரும் குடித்தார்கள் என்று எழுத ஆசையாகத்தான் இருக்கிறது. பதினெட்டுப் பேர் குடித்தார்கள். பேனா வாங்கப் போன அந்தச் சித்தி குடித்தார், என்னைப் பார்க்காமல். மற்றவர்களில் பெரும்பாலோர் குடிக்காமலே வயலில் இறங்கினார்கள். நான்கு பெண்கள் வீட்டுக்குப் போய்விட்டார்கள். அதில் இரண்டு பேர் மறுநாள் வந்து அம்மாவுக்குப் பக்கத்தில் வரிசை பிடித்தார்கள். மற்ற இரண்டு பேர் இந்தப் போகம் முழுக்க வரவில்லை. அம்மா அவர்கள் பெயரை இன்னும் தன் ஆள் கணக்கிலிருந்து எடுக்கவில்லை.

அந்த வாரம் ஒரு மனு எழுதினேன். எங்கள் தெருவில் எல்லோருக்கும் ரத்தம் பார்க்க வேண்டும், இல்லாதவர்களுக்குத் தடுப்பூசி போட வேண்டும் என்று. பெரியப்பாதான் முதலில் கையெழுத்துப் போட்டார், என் பேனாவில். போட்டுவிட்டு அதைத் தன் சட்டைப் பையில் செருகிக்கொண்டு போய்விட்டார். இன்னும் திருப்பித் தரவில்லை.

நான் இப்போது தினம் ஒரு மாத்திரை போடுகிறேன். கண் வெளுத்துவிட்டது. பாலம் ஏறுகிறேன். உங்களுக்கோ உங்கள் வீட்டிலோ இந்த நோய் இருந்தால் தட்டைத் தனியாக எடுத்து வைக்காதீர்கள். யாராவது எடுத்து வைத்தால் ஏனென்று கேளுங்கள். எங்கள் தெருவில் இன்னும் இரண்டு வீட்டில் எனக்குக் காகிதக் கப்பில்தான் டீ வருகிறது. அந்த வீடுகளுக்குப் போவதை நான் நிறுத்தவில்லை. வாரம் தவறாமல் போகிறேன். டீயைக் குடித்து முடித்துவிட்டு, கப்பை நசுக்கிக் கையில் வைத்துக்கொண்டு சொல்கிறேன்:

"அக்கா, டீ நல்லா இருக்கு. இன்னொன்னு குடுங்க, டம்ளர்ல."

கொடுக்கும்வரை நான் எழுந்திருப்பதில்லை.